சீனத்து வாசல் காவலர்கள்: வரைவதிலும் எழுதுவதிலும் நேரும் தவறுகள்

சீன வாசல் தெய்வங்களை வரைகிறவர்கள் முதலில் சறுக்குவது திசையில். இரட்டைக் கதவில் பலகைக்கு ஒருவராக ஒட்டும் ஜோடி அது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்க வேண்டும். இடம் மாற்றி ஒட்டினால் ஒருவருக்கொருவர் முதுகு காட்டி நிற்பார்கள், அது வீட்டுக்கு ஆகாது என்பது நம்பிக்கை. சரி, ஒரே படத்தைக் கணினியில் திருப்பிப் போட்டு ஜோடி ஆக்கிவிடலாமா? கூடாது. இருவரும் வேறு வேறு ஆட்கள்.

இன்று அதிகம் காணப்படும் ஜோடி சின் சியோங், யூச்சி கோங். தாங் வம்சத்துப் பேரரசர் தாய்சோங்கிடம் (ஆட்சி 626–649) தளபதிகளாக இருந்தவர்கள். சின் சியோங் வெளுத்த முகத்தோடும், யூச்சி கோங் கறுத்த முகத்தோடும் வருவது வழக்கம். முன்னவர் கையில் இரட்டைத் தண்டு, பின்னவர் கையில் கணுக்கணுவான இரும்புத் தண்டு. இந்த இரண்டாவதைத் தோல் சாட்டையாக வரைந்துவிடுகிறவர்கள் நிறைய. முகநிறத்தை மட்டும் நம்பியும் பெயர் எழுத வேண்டாம், தியான்ஜின் பக்கத்து யாங்லியூசிங் அச்சுப்படமும் ஹெனான் மாகாணத்து ஜூசியன்ஜென் அச்சுப்படமும் ஒரே மாதிரி இருக்காது.

டிராகன் அரசன் ஒருவனின் ஆவி பேரரசரைத் தூங்கவிடாமல் தொல்லை செய்ததாம். இந்த இருவரும் இரவெல்லாம் வாசலில் காவல் நின்றார்களாம். அவர்கள் படும் பாட்டைப் பார்த்துப் படமாக எழுதி ஒட்டச் சொன்னாராம் பேரரசர். ஆட்கள் நிஜம், காவல் நின்ற சம்பவம் கதை. அது இன்று நாம் கேட்கும் வடிவில் பரவியது மிங் காலத்துப் (1368–1644) புனைகதைகள் வழியாக. ஆகவே அதை வரலாறாக எழுதக் கூடாது. தாங்குக்குப் பல நூற்றாண்டு முந்திய ஹான் காலக் காட்சியில் இவர்களை நிறுத்தினால் இன்னும் மோசம். அப்போது காவல் ஷென்ஷு, யூலூ என்ற இருவருடையது. கீழைக்கடலில் ஒரு பெரிய பீச் மரம், அதன் கிளையருகே ஆவிகள் வந்துபோகும் வாசல். கெட்ட ஆவிகளை நாணல் கயிற்றால் கட்டிப் புலிக்குப் போடுவது இவர்கள் வேலை.

வாசலில் ஒட்டப்படும் இன்னொரு காவலரான ஜோங் குவெய் விஷயத்தில் குழப்பம் வேறு மாதிரி. முறைக்கும் கண், பரட்டைத் தாடி, கையில் வாள். பார்த்தவுடன் பேய் என்று எழுதிவிடுகிறார்கள். பாதி சரி: அவர் ஆவிதான், பேய்களைப் பிடிக்கிற ஆவி. தேர்வில் வென்றும் முகம் அவலட்சணம் என்று ஒதுக்கப்பட்டு, அரண்மனைப் படியில் தலையை மோதி உயிர்விட்டவர் என்கிறது பிரபலமான கதை. பிறகு, காய்ச்சலில் கிடந்த தாங் பேரரசர் ஷுவான்சோங்கின் கனவில் வந்து, திருட வந்த குட்டிப்பேயைப் பிடித்துத் தின்றாராம். ஓவியர் ஊ தாவோசூ அந்த உருவத்தை வரைந்தார் என்பார்கள். அவருடைய மூல ஓவியம் இன்று கிடையாது, அவர் பெயர் போட்டு வரும் படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு பகிர வேண்டாம்.

இவரை எப்போதும் கோபக்காரராகவே காட்டுவதும் எனக்கு ஒப்பாது. 13ஆம் நூற்றாண்டு ஓவியர் கோங் காயின் சுருள் ஓவியம் ஒன்று வாஷிங்டனின் ஃப்ரீயர் காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஜோங் குவெய் தங்கையோடு உல்லாசமாக ஊர்வலம் போகிறார். பல்லக்குத் தூக்குவது பேய்கள். பெண்களின் கன்னத்தில் செஞ்சாயத்துக்குப் பதில் கறுப்பு மை! இந்தக் கிண்டலைத் தவறவிட்டால் அவரைப் பற்றி எழுதியே பயனில்லை.

கல் சிங்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலடியில் பந்து என்றால் ஆண், குட்டி என்றால் பெண். வாசலைப் பார்த்து நிற்கும் நமக்கு வலப்பக்கம் ஆண். உள்ளிருந்து பார்ப்பவருக்கு அது இடப்பக்கம் என்பதால் குறிப்புகள் முன்னுக்குப் பின் முரணாகத் தோன்றும். சுருள்சுருளான பிடரியை நிஜச் சிங்கம்போலத் திருத்தவும் வேண்டாம். சிங்கம் சீனக் காட்டு விலங்கு அல்ல, சிற்பிகளுக்கு மரபுதான் மாதிரி.

அப்புறம், நம் ஊருக்கே உரிய ஒரு தவறு. கடையில் ‘குபேர பொம்மை’ என்று வாங்கும் தொப்பைச் சிரிப்புக்காரர் குபேரன் அல்ல, சீனத்தில் மைத்ரேயரின் (இனி வரப்போகும் புத்தரின்) அவதாரமாகக் கருதப்படும் புதாய் என்ற துறவி. பல சீன பௌத்தக் கோயில்களின் முன்மண்டபத்தில் நடுவே இருப்பவர் அவர்தான். குபேரனோ அதே மண்டபத்தின் ஓரத்தில், திசைக்காவலர் நால்வரில் வடக்குக்கு உரிய வைஸ்ரவணராக, கவசம் போட்டு நிற்கிறார். பிற்காலச் சிலைகளில் கையில் குடை, தாங் கால ஓவியங்களில் சின்ன ஸ்தூபி. தாங் காலக் கதைக்குப் படம் போடுகிறவர் அவரிடம் குடையைக் கொடுத்துவிட வேண்டாம்.