பூ இல்லாத மரத்தை என்ன குடும்பம் என்று கண்டுபிடிப்பது எப்படி

நம் ஊர்ப் பக்கம் மரம் செடி பார்க்க ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பூ இல்லை. புத்தகத்தைத் திறந்தால் இதழ் எத்தனை, மகரந்தத்தாள் எத்தனை என்று கேட்கிறது, எதிரே நிற்கும் மரமோ வருஷத்தில் பத்து நாள் மட்டும் பூத்துவிட்டு மீதி நாள் வெறும் இலையோடு நிற்கிறது, பூத்தாலும் முப்பது அடி உயரத்தில். நான் ஒரு மரத்துக்காக ஒரு வருஷம் முழுக்கக் காத்திருந்தேன், கடைசியில் பூவைப் பார்த்தபோது தெரிந்தது, அதன் இலைக்காம்பை ஒடித்திருந்தாலே முதல் நாளே குடும்பம் தெரிந்திருக்கும் என்று. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பூக்கும் தாவரங்களில், தாவரவியலாளர்கள் 2016-இல் வெளியிட்ட APG IV வகைப்பாட்டின்படி 416 குடும்பங்கள் இருக்கின்றன. பயப்பட வேண்டாம். பதினைந்து இருபது குடும்பங்களைப் பிடித்துவிட்டால் நம் காடு மேட்டில் பார்க்கிறதில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

முதல் வேலை, எது இலை என்று தெரிந்துகொள்வது. வேப்ப இலை என்று நாம் கிள்ளுவது பெரும்பாலும் சிற்றிலைதான், அந்த ஈர்க்கு முழுவதும் சேர்ந்துதான் ஒரு இலை, இப்படிப் பல சிற்றிலைகள் சேர்ந்ததுதான் கூட்டிலை. சந்தேகம் வந்தால் மொட்டைத் தேடுங்கள்: இலை தண்டோடு சேரும் மூலையில் கோணமொட்டு இருக்கும், சிற்றிலையின் அடியில் இருக்காது. நெல்லி இதில் எல்லோரையும் ஏமாற்றும். பார்த்தால் புளிய இலை மாதிரி கூட்டிலை போலத் தெரியும், ஆனால் ஒவ்வொரு சின்ன இலையின் அடியிலும் பூ வரும், அப்படியென்றால் ஒவ்வொன்றும் தனி இலை, அந்த ஈர்க்கு ஒரு சிறு கிளை. கீழாநெல்லியைத் திருப்பிப் பாருங்கள், இலைக்குக் கீழே வரிசையாகக் காய் தொங்கும், பெயரே அதிலிருந்துதான். இரண்டும் ஃபில்லாந்தேசி குடும்பம்.

அடுத்து, இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். நுனியில் நெருக்கமாக இருக்கும் இலையை நம்பாமல் கொஞ்சம் கீழே இறங்கி நீண்ட கணுவில் பாருங்கள்.

அப்புறம்தான் ஒடிப்பது. இளம் இலையின் காம்பை ஒடித்து, பால் கசிகிறதா என்று ஐந்தாறு நொடி பொறுத்துப் பாருங்கள். வெயில் காலத்தில் முற்றிய இலையில் பால் சரியாக வராது, காலையில் பார்ப்பது நல்லது, ரப்பர் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே போவதும் இதற்காகத்தான். ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: கள்ளிப்பாலும் எருக்கம்பாலும் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து, தொட்ட கையைக் கழுவாமல் முகத்தைத் தொடாதீர்கள், எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள்.

வெள்ளைப் பால் வருகிறது, இலை எதிரெதிரே இருக்கிறது என்றால் முதலில் நினைக்க வேண்டியது அப்போசைனேசி. எருக்கு, வெட்பாலை, நந்தியாவட்டை, களா எல்லாம் இங்கேதான். ஏழிலைப்பாலையில் இலைகள் வட்டமாக அடுக்கியிருக்கும், அதுவும் இதே குடும்பம். காய் கிடைத்தால் இன்னும் உறுதி, பல இனங்களில் இரட்டைக் காய், வெடித்தால் உள்ளே பஞ்சு வைத்த விதை. வெட்பாலையின் இரண்டு நீளக் காய்களும் நுனியில் ஒட்டிக்கொண்டு தொங்குவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். விதிவிலக்கும் உண்டு, மஞ்சள் அரளியிலும் கோயில்களில் நிற்கும் ஈழத்தலரியிலும் பால் வரும், ஆனால் இலை மாறி மாறித்தான் இருக்கும். எதிரிலையோடு பால் மஞ்சளாக, பிசுபிசுவென்று மெதுவாகக் கசிந்தால் மங்குஸ்தான் குடும்பமான குளூசியேசி பக்கம் போங்கள்.

பால் வருகிறது, இலை மாறி மாறி இருக்கிறது என்றால் கிளையின் நுனியைப் பாருங்கள். ஆலமரத்து நுனியில் கூர்மையாக ஒரு உறை மொட்டை மூடியிருக்கும், அது உதிர்ந்த இடத்தில் தண்டைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி ஒரு தழும்பு. அரசு, அத்தி, பலா எல்லாவற்றிலும் இந்த மோதிரம் உண்டு: மோரேசி. இதே மோதிரம் செண்பகத்திலும் இருக்கும், ஆனால் அதில் பால் வராது, அது மக்னோலியேசி. மோதிரம் இல்லை, இலைகள் நுனியில் கொத்தாகக் கூடியிருக்கின்றன என்றால் சப்போட்டேசி, இலுப்பையையும் சப்போட்டாவையும் ஒருமுறை ஒடித்துப் பார்த்தால் புரியும். இது எதிலும் சேரவில்லையென்றால் யூஃபோர்பியேசி. கள்ளி, மரவள்ளி, ரப்பர். ஆனால் இந்தக் குடும்பத்தில் பால் இல்லாதவையும் நிறைய, ஆமணக்கிலும் குப்பைமேனியிலும் பால் தேடினால் கிடைக்காது, மூன்று அறையாகப் பிரியும் காயைத்தான் நம்ப வேண்டும்.

சிவப்பாக வந்தால்? மலைக்காட்டில் தனியிலையோடு இருந்தால் ஜாதிக்காய்க் குடும்பமான மிரிஸ்டிகேசி. கூட்டிலையாக இருந்தால் வேங்கை, அதன் பாலில்தான் குழந்தைகளுக்குப் பொட்டு வைப்பார்கள், அது அவரைக் குடும்பம்.

பால் இல்லாத எதிரிலைச் செடிகளில் நான் எப்போதும் முதலில் பார்ப்பது இரண்டு காம்புகளுக்கு நடுவே உள்ள இடத்தை. இட்லிப்பூச் செடி வீட்டில் இருந்தால் இப்போதே போய்ப் பாருங்கள். எதிரெதிர் இலைகளின் காம்புகளுக்கு இடையே, தண்டின் மேல் முக்கோணமாக ஒரு சின்னச் செதில் பாலம் போட்ட மாதிரி இருக்கும், உதிர்ந்திருந்தால் அங்கே ஒரு கோடாவது இருக்கும். எதிரிலை, ஓரத்தில் பல் இல்லாத தனியிலை, நடுவில் இந்தச் செதில், மூன்றும் சேர்ந்தால் ரூபியேசி. காபி, நுணா, கடம்பு எல்லாவற்றிலும் இதே கதை. இது தெரிந்த பிறகு முள்காட்டில் நடப்பதே வேறு மாதிரி இருக்கும்: களாவும் காரையும் பக்கத்துப் பக்கத்தில் முள்ளோடு, எதிரிலையோடு நிற்கும், தூரத்தில் ஒன்றுபோலவே தெரியும். ஒடித்துப் பால் வந்தால் களா. பால் வராமல் நடுவில் செதில் இருந்தால் காரை.

பாலும் இல்லை, செதிலும் இல்லையா? இலையைக் கசக்கி மோந்து பாருங்கள், பிறகு வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்திய மாதிரி வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கறிவேப்பிலை, வில்வம், எலுமிச்சை எல்லாம் ரூட்டேசி, பெரும்பாலும் மாற்றிலை. எலுமிச்சை தனியிலைதானே என்று கேட்கலாம், காம்பும் இலைப்பரப்பும் சேரும் இடத்தில் ஒரு மூட்டு இருக்கும், அது ஒரே சிற்றிலை மிஞ்சிய கூட்டிலை. புள்ளியோடு எதிரிலையும், ஓரத்தை ஒட்டியே ஓடும் ஒரு நரம்பும் இருந்தால் மிர்ட்டேசி. நாவல் இலை இதற்கு நல்ல உதாரணம்.

மாங்கொழுந்தைக் கசக்கினால் வரும் வாசனை அனகார்டியேசிக்கு அடையாளம், இதில் பல மரங்களின் பிசின் காய்ந்தால் கறுக்கும். சேங்கொட்டை இந்தக் குடும்பம்தான், தோல் வெந்து கொப்பளிக்கும், தொடவே வேண்டாம். சதுரத் தண்டு, எதிரிலை, வாசனை என்றால் துளசிக் குடும்பமான லேமியேசி. நொச்சியும் தேக்கும்கூட இங்கேதான், பழைய புத்தகங்களில் வெர்பினேசி என்று இருக்கும். அதேபோல எருக்கு அஸ்கிளபியடேசி என்றும் இலவம் பாம்பகேசி என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம், பிறகு இடம் மாறியவை. வாசனை இல்லாமல் கணு வீங்கியிருந்தால் கனகாம்பரக் குடும்பமான அகாந்தேசியைப் பாருங்கள், தண்ணீர் பட்டால் படார் என்று வெடிக்கும் பட்டாசுக்காய்ச் செடி அதில் ஒன்று.

பட்டையை உரித்தால் நார் நாராக வந்து, கசக்கினால் வெண்டைக்காய் மாதிரி கொழகொழவென்று இருந்து, காம்பு சேரும் இடத்திலிருந்தே நரம்புகள் விரிந்தால் மால்வேசி. பூவரசு, பருத்தி, துத்தி. இங்கே ஒரு பத்து மடங்கு கைலென்ஸ் இருந்தால் இலையில் நட்சத்திரம் போன்ற மயிர்களைப் பார்க்கலாம், அவ்வளவு அழகு.

அவரைக் குடும்பத்தில் பூவை நம்பினால் தடுமாறத்தான் செய்வோம். வாகைப் பூ பஞ்சு உருண்டை, சரக்கொன்றை மஞ்சள் சரம், அவரையோ வண்ணத்துப்பூச்சி, மூன்றும் ஒரே குடும்பம் என்று பூவைப் பார்த்துச் சொல்ல முடியுமா? இலைக்காம்பின் அடியைப் பாருங்கள், விரல் மூட்டு மாதிரி தடித்திருக்கும். தூங்குமூஞ்சி மரம் மாலையில் இலை மடக்குவதும் தொட்டாற்சிணுங்கி சுருங்குவதும் அந்தத் தடிப்பினால்தான். கூட்டிலையும் இந்தத் தடிப்பும் இருந்தால் ஃபேபேசி என்று தைரியமாக எழுதிக்கொள்ளலாம், இரண்டாகப் பிளக்கும் காய் கிடைத்தால் சந்தேகமே இல்லை. முருங்கையை மட்டும் இதில் சேர்த்துவிடாதீர்கள், அந்தக் காய் மூன்றாகப் பிளக்கும், விதைக்கு இறக்கை உண்டு, குடும்பமும் தனி.

இவ்வளவு பார்த்தும் தெரியாமல் யாரிடமாவது படம் காட்டிக் கேட்பதென்றால், முழு மரத்தை மட்டும் எடுத்து அனுப்பினால் யாராலும் சொல்ல முடியாது. இலை தண்டோடு சேரும் கணு, இலையின் முன்பக்கம், பின்பக்கம், ஒடித்த காம்பு, பட்டை, கீழே காய் கிடந்தால் அதையும் கிட்டத்தில் எடுங்கள், வாசனையையும் பாலின் நிறத்தையும் அங்கேயே எழுதிவையுங்கள், அது படத்தில் வராது. உலர்ந்த மாதிரியோடு ஒப்பிட வேண்டுமென்றால் கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் உலர்தாவரகம் இருக்கிறது, திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் ஒன்று இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டு, எடுத்த குறிப்புகளோடு போங்கள்.