தோள்மூட்டு நோவும் அவசரப்பட்ட எண்ணெயும்

வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிய என் மாமிக்கு மேல் கம்பியைப் பிடிக்கக் கை எழவில்லை. மறுநாளே புறக்கோட்டை கபோஸ் ஒழுங்கையிலிருந்து நோவெண்ணெய் வந்துவிட்டது. மூன்று மாதம் உருவினார்கள். எண்ணெயில் குற்றமில்லை. இது என்ன நோ என்றுதான் எவரும் பார்க்கவில்லை. சித்த மருத்துவமே வாதத்தை 80 வகையாகப் பிரிக்கிறது. நாமோ எல்லாவற்றுக்கும் ஒரே போத்தலைத் திறக்கிறோம்.

வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கையை நீங்களே உயர்த்துங்கள். பிறகு தளரவிட்டு, இன்னொருவரை மெல்லத் தூக்கச் சொல்லுங்கள். அவர் தூக்கினால் மட்டும் எழுகிறதென்றால் தசைநார் கிழிந்திருக்கலாம். அவர் தூக்கியும் ஓரிடத்தில் அடைத்து நின்றால், மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகியிருக்கக்கூடும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்புறம் திருப்ப முடியாமற் போவது இதன் முக்கிய அடையாளம். சித்த வைத்தியர்கள் கும்பவாதம் என்பது இதைத்தான். 40 முதல் 60 வயதுக்காரருக்கு, அதிலும் நீரிழிவுக்காரருக்கு, அதிகம் வரும். மாமிக்கும் அதுவே, இரத்தத்தில் சீனி கூடியிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

இந்த இறுக்கம் தளர ஒரு வருடம் முதல் மூன்று வருடம் வரை செல்லலாம். அதனால் பத்து நாளில் கையைத் தூக்க வைக்கிறேன் என்பவரிடம் தோளை ஒப்படைக்காதீர்கள். மாமியும் அப்படி ஒருவரிடம் ஒப்படைத்தார். அந்த ஆள் முறுக்கிய முறுக்கில் அன்றிரவு முழுவதும் கதிரையில் உட்கார்ந்தே விடிந்தது. நோ உச்சத்தில் இருக்கும் காலத்தில் பலவந்தமாக இழுப்பது நிலைமையை மோசமாக்கும்.

விழுந்து அடிபட்ட தோள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். முறிவு நெரிவு வைத்தியரிடம் போக விரும்பினாலும் முதலில் எக்ஸ்ரே எடுங்கள். மூட்டுக்குச் சற்றுக் கீழே நரம்பும் இரத்தக்குழாயும் ஓடுகின்றன. முறிவு இருப்பது தெரியாமல் இழுத்தால் அவை சேதமடையலாம். முதல் இரண்டு மூன்று நாளைக்குச் சூடும் வேண்டாம், அழுத்தி உருவுவதும் வேண்டாம்.

பாம் பூசிய இடத்தில் சுடுநீர்ப் பை வைப்பது நம் வீடுகளில் சாதாரணம். தோல் வெந்துபோகும். நீரிழிவால் உணர்வு குறைந்தவருக்கு நொச்சி இலை ஒத்தணம்கூடச் சுடுவது தெரியாது. வேறொருவர் கையில் வைத்துப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

உள்ளுக்கு எடுப்பவற்றில்தான் எனக்குப் பயம் அதிகம். கறியில் மஞ்சள் போடுவது வேறு, செறிவான மஞ்சள் மாத்திரை விழுங்குவது வேறு. இரத்தம் உறையாமலிருக்க வாபரின் மாத்திரை எடுப்பவருக்கு அது இரத்தக்கசிவை உண்டாக்கலாம். பெயர்ச்சீட்டில்லாத மாத்திரை ஒரே நாளில் நோவை அறுத்துவிட்டால் மகிழ வேண்டாம். அப்படிப்பட்ட மருந்துகளில் ஸ்டீரொயிட் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு உண்டா என்று வைத்தியரிடம் கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றுமில்லை.

இடது தோள் நோவோடு வியர்வை, நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் எண்ணெய் சூடாக்கிக்கொண்டு நிற்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

மாமி இப்போது இயன்மருத்துவர் காட்டிய பயிற்சியைச் செய்கிறார், விரல்களைச் சுவரில் மெல்ல மேலே நகர்த்தி. தொடங்குமுன் இளஞ்சூட்டில் அதே நோவெண்ணெயைப் பூசிக்கொள்கிறார். போன மாதம் இரண்டு அங்குலம் கூடியதாகச் சுவரில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்.