பழைய பிக்கப்பை டிராக் பந்தயத்துக்குத் தயார்செய்தல்: பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கும் டயரின் பிடிப்பும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் ரப்பர் ஷீட்டும் உரமூட்டையும் செம்பனைக் குலையும் சுமந்து ஓய்ந்த டட்சன் 620, பழைய டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளைப் புதுப்பித்துப் நின்ற இடத்திலிருந்து நேர்க்கோட்டில் சீறிப்பாயும் டிராக் பந்தயத்துக்குக் கொண்டு செல்ல விரும்புவோர், பெரும்பாலும் இஞ்சினுக்கே பணத்தைக் கொட்டுகிறார்கள். அந்த இஞ்சினின் ஆற்றல் தரையைச் சென்றடைகிறதா என்பதை முதல் 60 அடியைக் கடக்கும் நேரமே காட்டிவிடும். அங்கே டயர் வழுக்கினால், அதன் பிறகு எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் இழந்த நேரத்தை மீட்பது கடினம்.

சுமையில்லாத பிக்கப்பின் பின்பக்கம் இயல்பாகவே இலேசானது. மொத்தம் 1,000 கிலோ எடையுள்ள வண்டியில் 400 கிலோ மட்டும் பின்சக்கரங்களின் மேல் இருப்பதாகக் கொள்வோம். எடை மையம் தரையிலிருந்து 0.6 மீட்டர் உயரத்திலும், சக்கர இடைவெளி 2.5 மீட்டராகவும் இருந்து, வண்டி புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவு முடுக்கத்துடன் கிளம்பினால், ஏறத்தாழ 120 கிலோ பின்னோக்கி நகரும். அந்தக் கூடுதல் எடை டயரை அழுத்தும் அதே நொடியில் இன்னொன்றும் நடக்கிறது: சக்கரம் தரையைத் தள்ள, அதன் எதிர்விளைவாக ஆக்சில் பின்னோக்கிச் சுழல முற்பட்டு, பினியனின் (புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து இணையும் பல்சக்கரத்தின்) மூக்கு மேலே எழுகிறது. எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த பட்டை ஸ்பிரிங் நெளிந்து முறுக்கேறி, தாங்க முடியாத கட்டத்தில் திடீரென விடுபடுகிறது. பிறகு மீண்டும் முறுக்கேறுகிறது. கிளம்பும்போது பின்சக்கரம் தடதடவெனத் துள்ளுவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே வேலையின் சாரம் ஒன்றே: ஸ்பிரிங்கின் முன்பாதி முறுக்கைத் தாங்கும் அளவு விறைப்பாக இருக்க வேண்டும், பின்பாதி தாராளமாக அசைய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சீராக இறுக்குவது பிடிப்பைக் கெடுக்கும்.

முதலில் சமதளமான சிமெண்டுத் தரையில் வண்டியை ஜாக்கி கொண்டு தூக்கி, சேசிஸின் கீழே தாங்கிகளை நிறுத்திய பிறகே அடியில் செல்லுங்கள். பட்டைகளில் விரிசல் உண்டா, நடு போல்ட் தேய்ந்திருக்கிறதா, முன்கண்ணின் (ஸ்பிரிங்கின் முன்முனை வளையத்தின்) ரப்பர் புஷ் நைந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்கண்ணுக்குப் பாலியூரித்தேன் புஷ் நல்லது. ஸ்பிரிங்கின் பின்முனையைச் சேசிஸுடன் இணைக்கும் ஷேக்கிளுக்கு ரப்பரே போதும். ஆக்சிலை ஸ்பிரிங்குடன் பிணைக்கும் யு போல்ட்டுகளைக் கழற்றினால் பழையவற்றை மீண்டும் பூட்ட வேண்டாம். ஒருமுறை இறுக்கி நீண்டுவிட்ட போல்ட் மறுபடி அதே இறுக்கத்தைத் தராது.

சுமைக்கென அடியில் சேர்த்த தட்டையான கூடுதல் பட்டையை எடுத்துவிடலாம். முன்பாதியின் மற்றப் பட்டைகளைக் குறைக்கவே கூடாது. முன்கண்ணுக்கும் ஆக்சிலுக்கும் இடையில் இரண்டு இடங்களில் இரும்புக் கவ்விகளைப் பூட்டிப் பட்டைகளை ஒரே கட்டாக இறுக்குங்கள். பின்பாதியிலுள்ள கவ்விகளைத் தளர்த்தி, பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க இடம் கொடுங்கள். வளைவு இறங்கிப்போன ஸ்பிரிங்கை, செம்பனை லோரிகளுக்கு வேலை செய்யும் ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்து மீண்டும் வளைத்தெடுக்கலாம். அந்தக் கைத்திறன் நம் ஊர்களில் இன்னும் இருப்பது பெரிய வரம் என்றே கருதுகிறேன்.

அடுத்தது பினியன் கோணம். வண்டியின் எடை முழுவதும் சக்கரங்களின் மேல் இருக்கும்போது, கோணமானியால் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் பினியனையும் அளந்து வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். முடுக்கத்தில் பினியன் எழுந்து ஷாஃப்டுடன் நேர்க்கோட்டுக்கு வர வேண்டும் என்பதால், நிற்கும்போது அது சற்றே கீழ்நோக்கி இருக்க வேண்டும். வெறும் பட்டை ஸ்பிரிங்குக்குப் பொதுவாக 5 முதல் 7 பாகை வரையும், டிராக்‌ஷன் பார் (ஆக்சில் சுழல்வதைத் தடுக்க ஸ்பிரிங்கின் அடியில் பொருத்தும் தண்டு) பூட்டியதற்கு 2 முதல் 4 பாகை வரையும் தொடக்கமாகக் கொள்ளலாம். திருத்துவதற்கு எஃகு ஆப்பு உதவும். ஸ்பிரிங்கின் மேல் ஆக்சில் அமர்ந்திருந்தால் ஆப்பின் தடித்த பக்கம் பின்னோக்கி இருக்க வேண்டும். ஆக்சிலின் மேல் ஸ்பிரிங் அமர்ந்திருந்தால் தடித்த பக்கம் முன்னோக்கி இருக்க வேண்டும். இதை மாற்றிப் பூட்டினால் பினியன் மேலும் எழுந்து யுனிவர்சல் ஜாயிண்ட் விரைவில் தேயும்.

டிராக்‌ஷன் பாரின் நுனியிலுள்ள ரப்பர்க் கட்டை சரியாக முன்கண்ணின் அடியில் முட்டுமாறு நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். அது பட்டையின் நடுப்பகுதியில் முட்டினால் ஸ்பிரிங் வளைந்துவிடும். ஷாஃப்டின் முறுக்கு வலது பின்சக்கரத்தைத் தூக்கி இடது சக்கரத்தை அழுத்தும் என்பதால், வலப்பக்க ரப்பர் கண்ணைத் தொடும் அளவிலும், இடப்பக்கம் ஏறத்தாழ அரை அங்குல இடைவெளியிலும் இருக்கட்டும். இந்தச் சிறு வேறுபாட்டால் வலது டயரும் சமமாக உழைக்கும். டிஃபரென்ஷியல் எல்எஸ்டி வகையாக (ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கும் ஆற்றலை அனுப்பும் வகையாக) இல்லாவிட்டால் இவ்வளவு உழைப்பும் பாதிப் பயனையே தரும்.

பின்பக்க எடையைக் கூட்ட, பேட்டரியைப் பின் ஆக்சிலுக்குப் பின்னால், உறுதியான பெட்டியில் போல்ட் போட்டுப் பொருத்தலாம். மணல்மூட்டையைக் கட்டாமல் போடுவது ஆபத்து. டயர்க் காற்றை ஒவ்வொரு பிஎஸ்ஐயாக மட்டும் குறைத்துப் பாருங்கள். தயாரிப்பாளர் குறிப்பிட்ட குறைந்த அளவுக்குக் கீழே போக வேண்டாம்.

சோதனைக்குத் தோட்டத்துச் செம்மண் பாதை உதவாது. பொதுச்சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் ஓடுவதோ மலேசியாவின் 1987 ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். அங்கீகரிக்கப்பட்ட தடத்தில் மட்டும் ஓட்டுங்கள். அப்சோர்பரின் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை மாட்டி, அதைக் கீழே தள்ளி வைத்தால், ஓடி முடிந்ததும் அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதிலிருந்து அப்சோர்பர் எவ்வளவு அமுங்கியது என்று தெரியும். நண்பர் ஒருவரைப் பக்கவாட்டில் பாதுகாப்பான தூரத்தில் நிறுத்திக் காணொளி எடுக்கச் செய்யுங்கள். பின்பக்கம் சடாரென எழுந்து உடனே டயர் சுழன்றால், அப்சோர்பரின் விரியும் தடையைக் கூட்டுங்கள். தரையில் டயர் பதித்த இடது கோடு அடர்ந்தும் வலது கோடு மங்கியும் இருந்தால், வலது ரப்பருக்கு இன்னும் சிறிது முன்னழுத்தம் கொடுங்கள். ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றி, மாற்றியதை எழுதி வையுங்கள்.

யு போல்ட் நட்டின் மேலும் அதன் மரையின் மேலும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு பூசிவிடுங்கள். முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் அந்தக் கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள நான்கு நட்டுகளையும் குறுக்குவாட்டில், முறுக்குமானியால் சம அளவில் மீண்டும் இறுக்கிய பிறகே அடுத்த ஓட்டத்துக்குச் செல்ல வேண்டும்.