தண்டனை பற்றிய டிஸ்டோப்பியா த்ரில்லர்: தருமபுரிக் களத்தில் எழுதும் முறை

டிஸ்டோப்பியா (கொடுமையான எதிர்கால உலகைக் காட்டும் கதை) எழுத, முதலில் இன்றைய சட்டத்தைப் படியுங்கள். கருவிகளைப் பிறகு கற்பனை செய்யலாம். 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, சமூக சேவையை ஆறாவது வகைத் தண்டனையாகச் சேர்த்திருக்கிறது. குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்வது, முதல்முறை செய்யும் 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டு (பொருளைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்) போன்ற சில சிறு குற்றங்களுக்கு மட்டும்தான் இது. 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 4ஆவது பிரிவோ, குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் பிணையப் பத்திரம் எழுதி வாங்கி வெளியே விட வழி செய்கிறது. உச்ச வரம்பு 3 ஆண்டுகள்.

அந்த 3 ஆண்டு வரம்பை மட்டும் எடுத்துவிடுங்கள். 2060இல் பத்திரத்துக்கு முடிவுத் தேதி கிடையாது; 'திருந்திவிட்டார்' என்று சான்று கிடைத்தால்தான் விடுதலை. டிஸ்டோப்பியாவுக்கு இந்த ஒரு மாற்றம் போதும். இதோடு நினைவழிப்பு, மூளைச் சில்லு, சர்வாதிகாரி என்று அடுக்கினால் வாசகர் அதை வேற்றுக்கிரகக் கதையாக எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்.

சான்றுக்கான விதியை எண்ணில் எழுதுங்கள். உதாரணமாக: கேமரா முகத்தைப் பார்த்துத் தினமும் 100க்கு 'வருத்த மதிப்பெண்' போடும், தொடர்ந்து 90 நாள் 85க்குக் குறையக் கூடாது, ஒருநாள் குறைந்தாலும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. முதல் மூன்று அத்தியாயங்களுக்குள் இது வாசகருக்குத் தெரிந்துவிட வேண்டும். விதி மங்கலாக இருந்தால், 87ஆவது நாள் நாயகன் தன்னை மறந்து சிரித்துவிடும் காட்சியில் பதற்றமே வராது.

நாயகன் குற்றம் செய்தவனாகவே இருக்கட்டும். புதிய எழுத்தாளர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நிரபராதி மாட்டிக்கொண்டால் கதை 'ஆள் மாறிப்போச்சு' என்ற சிக்கலாகச் சுருங்கிவிடும். தண்டனை சரியா என்ற கேள்வியே எழாது. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் சீசன் நேரத்துக் கைகலப்பு, தள்ளிவிட்டதில் சக தொழிலாளிக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு முறிந்தால் கொடுங்காயம். நியாய சன்ஹிதாவின் பிரிவு 117(2), 7 ஆண்டு வரை சிறை. நன்னடத்தைச் சட்டம் பொருந்தும். பரிதாபத்தைக் கூட்ட நிரந்தர ஊனம் ஆக்கினால் 117(3) வந்துவிடும்: குறைந்தது 10 ஆண்டு, ஆயுள் வரை போகலாம். ஆயுள் தண்டனைக்குரிய குற்றத்துக்கு 4ஆவது பிரிவு கிடையாது, உங்கள் கதை அங்கேயே உடைந்துவிடும். வக்கீல் வாசகர்கள் இதை உடனே பிடித்துவிடுவார்கள்.

காயம்பட்டவருக்கு 30 அத்தியாயத்தில் குறைந்தது 5 கொடுங்கள். மன்னிக்க மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. பத்திரத்தில் வெளியே வந்தவரைக் கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலரைக் கொடுமைக்காரி ஆக்கிவிடாதீர்கள். அவர் அக்கறையோடு வேலை செய்வதுதான் வயிற்றைக் கலக்க வேண்டும்.

தண்டனைக் காலத்தில் நாயகன் வேலை செய்யும் களத்துக்குப் புளி மண்டி நன்றாகப் பொருந்தும். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுக்கும் வேலை. விரலிடுக்கில் புளி ஒட்டிக் காய்ந்து, நகக்கண் எரியும். வலியில் முகம் சுளித்தால் மதிப்பெண் ஏறுகிறது; கருவிக்கு வலிக்கும் வருத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் இருக்கும் பெண் இதைக் கண்டுபிடித்துச் சொல்கிறாள்: "நகத்துக்குக் கீழ ஒரு கீறு போட்டுக்கோ தம்பி, மார்க்கு தானா ஏறும்." முழு நாவலின் அறச்சிக்கலும் இந்த ஒரு வரிக்குள் வந்துவிடும். விளக்கம் எழுதாமல் அடுத்த காட்சிக்குப் போய்விடுங்கள்.

ஊர்ப் பின்னணிக்கு உண்மை வரலாறே இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டம் வாச்சாத்தியில் சந்தனக் கட்டை தேடல் என்ற பெயரில் வனத்துறை, காவல், வருவாய்த் துறையினர் புகுந்து ஊரையே சூறையாடினார்கள். பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011இல். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். 2000இல் மூன்று மாணவிகளைப் பலிகொண்ட இலக்கியம்பட்டி பேருந்து எரிப்பில், மூவருக்கு விதித்த தூக்கு 2016இல் ஆயுளாகி, 2018இல் விடுதலையிலும் முடிந்தது. பாதிக்கப்பட்டவர்களும் குடும்பங்களும் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைப் பாத்திரமாக்க வேண்டாம். தண்டிக்க 19 ஆண்டு எடுத்த மாவட்டத்தில் தினசரி மதிப்பெண் முறையை மக்கள் ஏன் கைதட்டி வரவேற்பார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கைதட்டலுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கலாம்.

பேச்சுமொழியில் கோவை 'ஏனுங்க'வைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வாசலில் தமிழ் பேசுவார்கள். மதிப்பெண் போடும் கருவி எந்த மொழியில் 'மன்னிப்பு' கேட்கச் சொல்கிறது என்பதே ஒரு திருப்பமாகலாம்.

கடைசியில் கட்டுப்பாட்டு அறையைக் குண்டு வைத்துத் தகர்க்காதீர்கள். 90ஆவது நாள் மதிப்பெண் 84 ஆகட்டும். அதைத் திருத்தும் அதிகாரம், மணிக்கட்டு முறிந்தவரிடம் இருக்கட்டும்.