வீட்டு பீருக்கான கேஸ் சிலிண்டர் கசிகிறதா?

பீரில் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு வாயு சீக்கிரம் தீர்கிறதென்றால் சிலிண்டரை எடை போட்டுப் பாருங்கள். உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்த மீட்டர் முள் பெரிதாக அசையாது, அதை நம்ப வேண்டாம்.

கசிவைக் கண்டுபிடிக்க, முதலில் பீர் கெக்கை (பீர் இருக்கும் உலோகப் பீப்பாயை) கழற்றிவிடுங்கள். குளிர்ந்த பீர் வாயுவை உறிஞ்சினாலும் அழுத்தம் குறையும். பலர் ஏமாறுவது இங்கேதான். குழாயில் அழுத்தம் ஏற்றி, சிலிண்டர் வால்வை மூடி, ஓர் இரவு விடுங்கள். முள் இறங்கியிருந்தால் எல்லா இணைப்புகளிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ரெகுலேட்டர் வாஷர் நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள், மேலும் மேலும் இறுக்காதீர்கள். கெக் மூடியின் ஓ-ரிங்குக்கு (ரப்பர் வளையத்துக்கு) உணவுத் தர சிலிகான் கிரீஸ் போதும். சிலிண்டர் வால்வே கசிந்தால் கழற்ற முயலாதீர்கள். காற்றோட்டமான வெளியிடத்தில் வைத்து, நிரப்பித் தருபவரிடம் சொல்லுங்கள். மூடிய அறையில் இந்த வாயு தேங்கினால் உயிருக்கே ஆபத்து.