நாட்டு ரோஜாவில் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

போன வாரம் அஸ்தம்பட்டியில் ஒரு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். "ஏற்காட்டுல வாங்கினப்ப ரோஸ் கலர்ல அடுக்கடுக்கா பூத்துச்சுங்க, சேலத்து மண்ணுக்கு வெள்ளையா மாறிடுச்சு" என்றார். பத்து வருடம் முன்பு நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீர், வெயில் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அதை விடுகிறேன்.

மண் பூவை மாற்றாது

நர்சரிச் செடி பெரும்பாலும் ஒட்டுச் செடி. மேலே நாம் கேட்ட ரகம், கீழே வேருக்காக வைத்த மல்டிஃபுளோரா மாதிரி ஒரு முரட்டு ரோஜா. ஒட்டுக்குக் கீழிருந்து ஒரு கிளை கிளம்பினால் சாப்பாடு முழுக்க அதற்குத்தான் போகும். என்னிடம் இருந்த எட்வர்டு என்ற நாட்டு ரக ரோஜாவில் அப்படி வந்த கிளை ஒரே மழைக்காலத்தில் ஆள் உயரம் போனது. செடி தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டு இன்னும் இரண்டு கூடை தொழு உரம் போட்டேன். அடுத்த வருடம் கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ, எட்வர்டு பட்டுப்போயிருந்தது. அந்தச் செடியை நினைத்தால் இன்றைக்கும் ஆறவில்லை.

ஒரு காம்பில் ஏழு இலை வந்தால் அது ஒட்டுக்குக் கீழிருந்து வந்த காட்டுக் கிளை என்பார்கள், அதை நம்பாதீர்கள். நல்ல நாட்டு ரகங்களிலும் ஏழு வரும். மண்ணை விலக்கி, கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். இலைக்காம்பின் அடியில் சிறகு போல ஒட்டியிருக்கும் செதிலையும் பாருங்கள், மல்டிஃபுளோராவில் அது சீப்புப் பல் மாதிரி கிழிந்திருக்கும். கத்தரியால் வெட்டினால் அடிமொட்டு தங்கி மறுபடி துளிர்க்கும், அதனால் கிளம்பிய இடத்திலேயே பிடித்துக் கிழித்து எடுங்கள்.

எட்வர்டும் பன்னீரும் ஒன்றல்ல

இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் உண்டு. எட்வர்டு ரீயூனியன் தீவிலிருந்து வந்த, போர்பன் என்ற ரோஜா வகை. பன்னீர் ரோஜா டமாஸ்க் என்ற வேறொரு வகை. பூவை விட்டுவிட்டுத் தண்டைப் பாருங்கள்: பன்னீரில் பெரிய முள்ளுக்கு நடுவே ஊசி ஊசியாகச் சிறுமுள் நெருக்கமாக இருக்கும்.

எல்லாவற்றுக்கும் ஒரே கவாத்து (கிளை வெட்டுதல்)

வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் பூக்கும் பழைய ரகங்கள் போன வருடத்துக் கிளையில்தான் பூக்கும். பூத்து முடிந்த பிறகு வெட்டுங்கள்.

பூக்காத செடியைப் பெயர் கேட்டு வாங்குவது

வேண்டாம்.

குச்சி கிடைத்தும் ஒட்டுச் செடி தேடுவது

எட்வர்டும் பன்னீரும் குச்சியிலேயே வேர் பிடிக்கும். அப்புறம் அடியிலிருந்து எது முளைத்தாலும் அதே ரகம்தான். அந்த அக்கா செடியில் ஒட்டுக்கு மேலே ஒரே ஒரு பச்சைக் கிளை மிச்சம் இருந்தது. பென்சில் பருமனில் மூன்று குச்சி வெட்டி நிழலில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.