படிப்பில் ஒட்டாத பிள்ளையை எங்கிருந்து தொடங்க வைப்பது?

ஆறாவது, ஏழாவது வந்ததும் "ஸ்கூலுக்குப் போகல" என்று அடம்பிடிக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மூன்றாவது, நாலாவதில் புரியாமல் விட்டுப்போன ஏதோ ஒன்று அடியில் கிடக்கலாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் எட்டாவது வரை ஃபெயில் கிடையாது. அதனால் அந்த ஓட்டை வெளியே தெரியாமலே வகுப்பு ஏறிவிடும்.

முதலில் கண். பத்தடி தள்ளி தினசரி காலண்டரை மாட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிவது பிள்ளைக்குத் தெரியவில்லை என்றால் கண் டாக்டரிடம் போய்விட்டுத்தான் மற்றதெல்லாம். குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும் வயிற்றுவலி வருகிறதா? அன்றைய டைம்டேபிளைப் பாருங்கள். "ஏன் படிக்க மாட்டேங்குற?" என்று கேட்டால் பதில் வராது. "மத்தியானம் யாரோட உக்காந்து சாப்பிட்ட?" என்று கேளுங்கள், யாராவது சீண்டுகிறார்களா என்பது அதில் தெரியவரும்.

அடுத்து, விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு வகுப்பு கீழே உள்ள தமிழ்ப் புத்தகத்தில் சுமார் நூறு சொல் உள்ள ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்தாறு சொல்லுக்கு மேல் தடுக்கினால் இன்னும் ஒரு வகுப்பு கீழே இறங்குங்கள். கணக்கில் 402 - 178 கொடுங்கள். 376 என்று எழுதினால், கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை. பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்துவிட்டு நகர்ந்திருக்கிறது. சரியான விடை 224. ½ + ⅓ என்பதற்கு ⅖ வந்தால், பின்னமே இன்னும் பிடிபடவில்லை. இப்படிப்பட்ட பிள்ளையை இயற்கணிதத்தில் உட்காரவைத்தால் கொட்டாவிதான் வரும்.

பிடிபட்ட இடத்திலிருந்து தினமும் இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஐந்து கணக்கு கொடுத்தால் நான்கு நிச்சயம் போடக்கூடியதாக இருக்கட்டும், ஒன்று மட்டும் புதிது. "நமக்கும் வருதே" என்ற நினைப்பு வந்த பிறகுதான் ஆர்வம் எட்டிப்பார்க்கும். அது வராமல் எந்த அறிவுரையும் காதில் ஏறாது. பழைய வகுப்புப் புத்தகம் இல்லையென்றால் அரசின் பாடநூல் இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

டியூஷன் பல நேரம் பயன்படாமல் போவதற்குக் காரணமும் இதுதான். அங்கேயும் ஏழாம் வகுப்புக் கேள்வி-பதிலையே மறுபடி மனப்பாடம் செய்யவைப்பார்கள். சேர்க்கும்போதே "கழித்தலிலிருந்து சொல்லிக்கொடுங்க" என்று கேட்டுவிடுங்கள்.

"ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கினா சைக்கிள்" என்ற பேரம் எடுபடாது. ரேங்க் பிள்ளையின் கையில் இல்லை, இருபது நிமிடம் உட்காருவது கையில் இருக்கிறது. பாராட்டு அதற்குத்தான், அதுவும் அன்றைக்கே. அத்தை மகனோடு ஒப்பிடும் பேச்சை அறவே விட்டுவிடுங்கள்.

சில மாதம் விடாமல் செய்தும் வாசிப்பு ஓடவில்லை, எழுத்துகள் மாறி மாறியே வருகின்றன என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று குழந்தை நல மருத்துவரிடம் கேளுங்கள். சான்றிதழ் கிடைத்தால் பத்தாவது பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். விவரம் தெரியாவிட்டால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் கேட்கலாம்.